முழு வீடியோ

இந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது. புழுக்கம் எனக்கு ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவி மனிதக் காது மாதிரி கிடையாது. எது பக்கத்தில் கடகடக்கிறதோ அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். பிறகு கேட்பவர்களுக்கு நான் சொன்னதில் பாதி விழும், பாதி விழாது. பாதியை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

நன்றி. இப்போது தெளிவாக இருக்கிறது.

வக்கீல் வரும்வரை நான் பேச வேண்டியதில்லை என்று சொன்னீர்கள். பரவாயில்லை. என் அக்கா கொடுத்த புகாரில் இருப்பது எல்லாம் உண்மைதான். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே வராது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தோம். அவள் தலைமை நர்ஸ். நான் வரவேற்பு மேசை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அம்மா போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா அப்போதுதான் நர்சிங் முடித்திருந்தாள். எனக்குத் தலை பின்னி, சீருடைக்கு இஸ்திரி போட்டு, என்னை அனுப்பிவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, "தங்கச்சியும் என்கூடத்தான் இருப்பா" என்று அத்தானிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாயில்லாப் பூச்சி. சரி என்றார். அவர்கள் வீட்டு மாடி அறை அன்றிலிருந்து என்னுடையது. இதையெல்லாம் சொல்வது எனக்கு எதிராகத்தான் போகும். இருந்தாலும் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நான் எதையோ மறைத்தேன் என்பீர்கள்.

அந்த மாடி அறையில்தான் என் சேனல் பிறந்தது. மழைக்காலத்தில் துணி எப்படி உலர்த்துவது, காய்ந்த ரொட்டியை என்ன செய்வது, கோபத்தை எப்படி அடக்குவது என்று பேசிப் போட்டேன். விளக்கு, திரைச்சீலை, சிரிப்பு எல்லாம் சரியாக இருக்கும். பார்க்கத்தான் ஆள் இருக்காது. ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் லைக் அக்காவுடையது. சாப்பாட்டு இடைவேளையில் செவிலியர் அறையில் உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் போனுமாகப் பார்ப்பாள். பல சமயம் கடைசி லைக்கும் அதுவாகவே இருக்கும்.

ஒருநாள் வங்கியில் வரிசையில் நின்றிருந்தேன். காவலாளி ஒருவர் ஒரு வயதான பெண்மணியிடம் குரலை உயர்த்திப் பேசினார். சும்மா எடுத்துப் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் என் போன் சூடேறி அணைந்துவிட்டது. அத்தனை பேர். அந்த மனிதருக்குக் காது மந்தம், அதனால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார் என்று பிறகு தெரிந்தது. நியாயமாக, அதையும் சொல்லி இன்னொரு வீடியோ போட்டேன். அதை அக்கா ஒருத்திதான் பார்த்தாள். "நல்லவேளை, சொல்லிட்டே. பாவம் அந்த ஆளு" என்றாள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. ஜனங்களுக்கு மனஅமைதி வேண்டாம். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். காலையில் பல் துலக்கும்போதே யாரையாவது காறித் துப்பிவிட்டால் அவர்களுக்கு வாயும் மனசும் சேர்ந்து சுத்தமாகிவிடுகிறது. இவர்கள் ரௌடிகள் இல்லை. பேக்கரி வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, பேரக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போனை எடுக்கும் தாத்தா. நேரில் பார்த்தால் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள். அவர்களை நான் கெடுக்கவில்லை. அவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள், நான் பரிமாறினேன்.

கப்பல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் காலம் தள்ளியவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, டிவியில் ஏதாவது பார்த்துச் சிரிப்பு வந்தாலும் "சரி, சரி." அந்தச் சரியில் எது எந்தச் சரி என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். கொஞ்சம் எனக்கும் தெரியும். அவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்ததால் எல்லாவற்றையும் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். அவர் கட்டிலுக்கு மேல் சிவப்பு எழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள் அக்கா.

அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு கல்லூரி மாணவர்கள் கேக் கொண்டுவந்தார்கள். இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். அவர்கள் தாத்தா பாட்டியை எந்த ஊரில் விட்டுவைத்திருக்கிறார்களோ தெரியாது; எங்கள் தாத்தா பாட்டியோடு கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, போன்களை உயர்த்தியபடி தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கப்பல்காரரும், தங்கள் பெயரே மறந்துபோன இரண்டு பெண்மணிகளும் இருந்தார்கள். நான் உணவுத் தள்ளுவண்டிக்குப் பின்னால், தூணோரமாக நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். இல்லத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்கு இந்த மாதிரி வீடியோக்கள் எடுப்பதும் என் வேலைதான்.

கேக் துண்டு அவர் தொண்டையில் சிக்கியது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவரை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, மறு கையின் அடிப்பாகத்தால் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நர்சிங் படித்தவர்களுக்குத் தெரியும், அப்படித்தான் அடிக்க வேண்டும். தடவிக்கொடுத்தால் செத்துப்போவார். துண்டு வெளியே வந்து விழுந்தது. அவர் மூச்சை இழுத்தார். அக்கா அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "யாராவது தண்ணி கொண்டாங்களேன்" என்று கத்தினாள். நான் பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுவந்தவள் நான்தான்.

நிர்வாகி அறைக்குப் போய் அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சிஸ்டர், இதை எங்கயும் எழுதிவைக்காதீங்க. கேக் எப்படிக் குடுத்தீங்கன்னு அவர் பையன் வெளிநாட்டுலேர்ந்து வந்து நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவார். ஒண்ணும் ஆகலல்ல? விட்டுடுங்க" என்றார். அக்காவுக்கு மனசில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள்.

மாடி அறையில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தால் ஒரு நர்ஸ் ஒரு பெரியவரைக் காப்பாற்றுகிறாள். நல்ல விஷயம்தான். நல்ல விஷயத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் நீக்கினேன். சுற்றுப்புறம் தெரியாமல் நெருக்கமாக்கினேன். குனிந்த தலை, திறந்த வாய், கண்ணீர், முதுகில் விழும் கை. அவ்வளவுதான். நான் எதையும் சேர்க்கவில்லை. குறுக்கினேன். எல்லோரும்தான் குறுக்குகிறார்கள். நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதும்போதும் குறுக்கத்தான் போகிறீர்கள்.

என் சேனலில் போடவில்லை. வேறொரு பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தேன், அதில் போட்டேன். "உங்கள் அப்பாவை நம்பி ஒப்படைத்த இடத்தில்" என்று மட்டும் எழுதினேன். அக்காவின் முகத்தை மறைத்திருந்தேன். அவள்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. மறைத்த முகத்தைக் கண்டுபிடிப்பது ஜனங்களுக்குப் பிடித்த விளையாட்டு. சீருடையின் நிறம், சுவரின் நிறம் என்று அலசிக்கொண்டிருந்தார்கள். தவறான இல்லங்களின் பெயரைச் சொல்லி, சம்பந்தமில்லாத நர்ஸ்களை வைய ஆரம்பித்தார்கள். அது அநியாயம் என்று எனக்குப் பட்டது. அதனால் இன்னொரு கணக்கிலிருந்து இல்லத்தின் பெயரையும் அக்காவின் பெயரையும் நான் எழுதினேன். இல்லாவிட்டால் அப்பாவிகள் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா அதை முதலில் பார்த்தபோது சிரித்தாள். "ஏய், இது நம்ம கப்பல்காரருக்கு அடைச்சுக்கிச்சே, அப்போ எடுத்ததுடி. மீதி எங்க போச்சு?"

"தெரியலைக்கா."

"யாரு எடுத்திருப்பா?"

"அந்தக் காலேஜ் பசங்களா இருக்கும். தோட்டத்துலதான நின்னாங்க. ஜன்னல் வழியா எடுத்திருப்பாங்க."

"அப்படின்னா முழுசும் அவங்ககிட்ட இருக்குமே. அதையும் போடச் சொன்னா முடிஞ்சுபோச்சு" என்றாள். அவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டாள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்." தேடுகிறேன் என்றேன்.

அவளுடைய போன் எண்ணை யாரோ பொதுவில் போட்டார்கள். அது நான் இல்லை. நான் செய்யாததை என் தலையில் கட்டாதீர்கள். விடியும்போதே அழைப்புகள் தொடங்கும். ஒரு பெண், குரலைக் கேட்டால் நல்ல குடும்பத்துப் பெண், "உன் கை அழுகிப்போகும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இல்லத்தின் வாசலில் ஆட்கள் கூடினார்கள். பேருந்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவள், ஒரு வார்த்தை பேசாமல், போனைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே வந்தாளாம், இறங்கும்வரை. நிர்வாகி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். "கேக் சிக்கின விஷயம் எனக்குத் தெரியாது சிஸ்டர், நீங்க சொல்லவே இல்லையே" என்றார். அவர் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. என்னைப் பொய்க்காரி என்பவர்கள் அவரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அத்தானுக்குக் கோபம் வந்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். "யாரு எடுத்தான்னு மட்டும் தெரியட்டும், அவன் கையை ஒடிக்கிறேனா இல்லையா பாரு" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ தண்ணி கொண்டுவந்தியே, அந்தத் துண்டு தரையில கெடந்ததைப் பாத்தேல்ல? அதை நீ போய்ச் சொல்லு."

"கூடப் பொறந்தவ சொன்னா யாருக்கா நம்புவா? ஜோடி சேர்ந்து பொய் சொல்றாங்கம்பாங்க. இன்னும் மோசமாப் போயிடும்."

"அதுவும் சரிதான்" என்றாள்.

அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அந்தப் பெண் படியேறும்போதே அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு வந்தாள். அக்காவை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு, கப்பல்காரரின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிவரச் சொன்னார்கள். தள்ளிக்கொண்டு போனவள் நான்.

"ஐயா, பயப்படாதீங்க. அந்த நர்ஸ் உங்களை அடிச்சாங்களா?"

கப்பல்காரரின் முகம் மலர்ந்தது. தலையை வேகமாக ஆட்டினார். "சரி, சரி!" நல்லாயிருந்த இடது கையை வளைத்துத் தன் முதுகிலேயே பட் பட்டென்று அடித்துக் காட்டினார். கண்ணில் நீர் கொட்டியது. கையைக் கதவுப் பக்கம் நீட்டினார். அவளை உள்ளே கூப்பிடுங்கள், அவள்தான், அவள் அடித்ததால்தான் நான் இருக்கிறேன் என்கிறார். எனக்கு அது கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "இவர் வேற ஏதாவது சொல்ல வர்றாரா? உங்களுக்குப் புரியுதா?"

"எனக்குப் புரியலைங்க" என்றேன்.

அதிகம் சொன்னால் அக்காவுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

பிறகு அக்கா தானே பேசி ஒரு வீடியோ போட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். மாடி அறையில் உட்காரவைத்து, விளக்கு சரி செய்து, கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அவள் நேராகப் பேசினாள். "அடிச்சேன். ஆமா, நான்தான் அடிச்சேன். அடிக்காம நின்னிருந்தா அவர் என் கண்ணு முன்னாலயே போயிருப்பார்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினாள். நன்றாகவே பேசினாள். அதை என் சேனலில் அப்படியே போட்டேன். நீளம் அதிகம், யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதன் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்து முதலில் வீடியோ போட்ட அந்த வேறு பெயர்க் கணக்கில் போட்டேன். அதை எல்லோரும் பார்த்தார்கள். "என் பேச்சையும் வெட்டிட்டாங்கடி" என்று அக்கா சொன்னாள். திருட்டுப் பயல்கள், பொதுவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவளை அழிக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தக் கணக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. நான் எதைச் சொன்னாலும் காத்திருந்து கேட்க ஒரு கூட்டம். என் வாழ்க்கையில் யாரும் என்னைக் காத்திருந்து கேட்டதில்லை, அக்காவைத் தவிர. ஒருத்தி கேட்பது கேட்பது ஆகாது. அதோடு அந்த நாட்களில் வீட்டில் அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. தலை வாரிவிட்டேன். சூப் வைத்துக் கொடுத்தேன். அவள் போனை நானே வைத்துக்கொண்டு, பார்க்கக்கூடாதவற்றை வடிகட்டி, ஒன்றிரண்டை மட்டும் வாசித்துக் காட்டுவேன். எதையுமே காட்டாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வருமல்லவா? அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள். அவளை நான் இதைவிட அக்கறையாக வேறெப்போதும் பார்த்துக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவளை நடக்கக் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். அக்கா ஓடினாள். பக்கத்தில் போய்க் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்த்து அழுதது. அக்கா சுற்றுமுற்றும் ஜன்னல்களைப் பார்த்தாள். "பாப்பா, அம்மாவைக் கூப்பிடு. நான் தொடமாட்டேன். அம்மாவைக் கூப்பிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தையின் அம்மா வந்து தூக்கும்வரை அந்தக் கைகள் பின்னால்தான் இருந்தன.

அதன்பிறகு உட்காரும்போதெல்லாம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு.

கப்பல்காரரை அவர் மகன் வேறொரு இல்லத்துக்கு மாற்றினார். பெரிய இடம், பளபளவென்று இருக்கும். அறைக்கு அறை கேமரா. "இனிமே எங்கப்பா மேல யாரும் கைவைக்க முடியாது" என்று அந்த மகன் எழுதியதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு மதியம் கப்பல்காரருக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. பக்கத்தில் உதவியாளர் இருந்தார், இளைஞர், பயிற்சி எடுத்தவர். என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதுகுக்கு நேராகக் கையைக்கூட ஓங்கினார். பிறகு மேலே கேமராவைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டு மணியை அழுத்தினார். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இளைஞர் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பத்திரிகைக்காரரிடம், "அந்த நர்ஸம்மாவுக்கு நடந்தது எனக்கும் நடந்துடும்னு பயந்துட்டேன்" என்றுதான் சொல்லியிருந்தார்.

அக்கா அதைக் கேட்டதும் அழவில்லை. "ஒரே ஒரு அடி போதும்டி. ஒரு அடி" என்றாள்.

அவள் பட்டது போதும் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் செய்தியும் அப்போது சூடாக இருந்தது. ஆறவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். முழு வீடியோவையும் என் சொந்த சேனலில், என் சொந்த முகத்தோடு போட்டேன். அந்தக் கல்லூரி மாணவர்களில் ஒருவர் மனச்சாட்சி உறுத்தி எனக்கு அனுப்பிவைத்ததாகச் சொன்னேன். பேசும்போது இரண்டு தடவை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அது நடிப்பு இல்லை.

அதற்குக் கிடைத்த வரவேற்பு மாதிரி எதற்கும் கிடைத்ததில்லை. கை அழுகட்டும் என்றவர்கள் அதே விரலால் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். தெய்வம் என்றார்கள், தாய் என்றார்கள். அவளை வைதவர்களைத் தேடிப்பிடித்து வைதார்கள். அந்தப் பட்டியலில் தங்கள் பெயரும் இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை. அந்த உதவியாளரின் வீட்டைக் கண்டுபிடித்துக் கல் எறிந்தார்கள். என்னை, அக்காவுக்காகத் தனியாளாகப் போராடிய தங்கை என்றார்கள். நேர்காணல்களுக்குக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு மூன்றுக்குப் போனேன்.

அக்கா மட்டும் அதைப் பார்க்கவில்லை. போனைக் கண்டாலே திரும்பிக்கொள்வாள். கடைசியில் அத்தான்தான், "பாரும்மா, இப்பவாவது உன் பேர் சுத்தமாச்சு, பாரு" என்று கட்டாயப்படுத்தித் தன் போனை அவள் மடியில் வைத்தார். நான் அவளுக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். அதில் கப்பல்காரர் நிமிர்ந்து மூச்சு வாங்குகிறார். அவருக்குப் பின்னால் தோட்டத்து ஜன்னல் முழுசாகத் தெரிகிறது. முன்பு நெருக்கமாக வெட்டியபோது அது வெளியே போய்விட்டிருந்தது. இந்தத் தடவை அதை நான் யோசிக்கவில்லை.

"ஜன்னல் பின்னாடி இருக்கு" என்றாள்.

அத்தானுக்குப் புரியவில்லை. "எந்த ஜன்னல்?"

"ஜன்னல் வழியா எடுத்திருந்தா அவர் முதுகுதான் தெரியும். இது தள்ளுவண்டி பக்கத்துலேர்ந்து எடுத்தது." அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள், ஒரு துணியை எடுத்து வைப்பதுபோல. "தண்ணி அந்தப் பக்கத்துலேர்ந்துதான வந்துது."

வெட்டியதைப் பற்றிக் கேட்பாள், அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்பாள் என்று நான் பதில்களைத் தயார் செய்துகொண்டேன். எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவர் மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருந்தப்போ, நீ அங்க நின்னுக்கிட்டு இருந்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அத்தான் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவள் கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் சொல்லிவிடுகிறேன். என் போன் உங்கள் ஆட்களிடம் இருக்கிறது, எப்படியும் பார்த்துவிடுவீர்கள். முழு வீடியோ என்று நான் போட்டதும் முழுசு இல்லை. அது அக்கா கதவைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னாலும் கொஞ்சம் இருக்கிறது.

மாணவர்கள் போனபிறகு, அவர் மகனுக்கு அனுப்ப அழகாக ஒன்று எடுக்கலாம் என்று தோன்றியது. கேக்கில் ஒரு துண்டை அவருடைய இடது கையில் வைத்தேன். சிவப்பு அட்டை எனக்குத் தெரியும். ஒரு வாய்தானே என்று நினைத்தேன். "தாத்தா, இங்க பாருங்க. சாப்பிடுங்க. உங்க பையன் பாப்பார்" என்று என் குரல் அதில் கேட்கும். சரி, சரி என்று வாயில் போட்டுக்கொண்டார். முதலில் இருமினார். பிறகு இருமல் நின்றுவிட்டது, சத்தமே இல்லை. முகம் நிறம் மாறியது. அந்த நல்ல கையை என் பக்கம் நீட்டினார். விரல்களை விரித்து விரித்து மூடினார். என்னைத்தான் பார்த்தார். நான் இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும். அக்காவை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். நான் கேமராவை இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். கை ஆடவில்லை, நீங்களே பார்ப்பீர்கள், படம் அவ்வளவு நிதானமாக இருக்கும். அக்கா வந்திராவிட்டால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்றை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியைப் போட்டிருந்தால் உலகமே பார்த்திருக்கும். கையில் வைத்துக்கொண்டும் நான் போடவில்லை, ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிப்பதையெல்லாம் ஊருக்குக் காட்டுகிற ஆள் நான் இல்லை. எனக்கும் ஒரு வரம்பு உண்டு.